புதுப்பிப்பு: முப்பது நாள் மௌனத் தியானம் முடிந்தது

இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் நவதுறவகத்தில் (புதிதாகச் சேர்வோர் முதலில் பயிற்சி பெறும் இல்லத்தில்) சேர்ந்த புதிதில், முப்பது நாள் மௌனத் தியானத்தை நினைத்தாலே அச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அத்தியானத்துக்கு அடிப்படையான, எங்கள் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் நான்கு வாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும் அவை ஏழேழு நாள் கணக்கில் அடங்குபவை அல்ல என்பதும், இடையிடையே பேசிக்கொள்ளும் ஓய்வு நாட்கள் உண்டு என்பதும் உள்ளே சென்ற பிறகே விளங்கின. வாயை அடக்குவது எளிதாகவே இருந்தது. ஓயாமல் பேசிய மனம்தான் முதல் வாரத்தில் பாடாய்ப் படுத்தியது.

இப்போது திருப்பலி, வகுப்பு, தோட்ட வேலை, கழிப்பறை கழுவுதல் என்ற அன்றாட ஒழுங்குக்குத் திரும்பிவிட்டோம். நண்பகலிலும் இரவிலும், கடந்த பொழுதை மனத்தில் திரும்பிப் பார்த்துச் செய்யும் ஆன்மச் சோதனையில், பாத்திரம் தேய்க்கையில் எவருடைய சொல் என்னைச் சுட்டது, ஏன் சுட்டது என்று நிதானமாகப் பார்க்கப் பழகியிருக்கிறேன். அடுத்து, கையில் காசின்றிச் செல்லும் திருப்பயணம் இருக்கிறது. சென்று வந்தவர்கள் காலணி பற்றியாவது ஆலோசனை கூறலாம்.