கொழுப்பு மட்டும் ஏன் நேராகக் கல்லீரலுக்குப் போவதில்லை? தேங்காய் எண்ணெய் எம்சிடி கணக்கில் வருமா?

கயல்_முதலாண்டு

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நியூட்ரிஷன் அண்ட் டயட்டடிக்ஸ் முதலாண்டு படிக்கிறேன். பிசியாலஜியில் இப்போது செரிமானம் ஓடிக்கொண்டிருக்கிறது. மாவுச்சத்து, புரதம் வரைக்கும் பிரச்சினை இல்லை. குளுக்கோஸும் அமினோ அமிலமும் குடலுறிஞ்சியில் இருக்கிற ரத்தத் தந்துகிக்குள் நுழைந்து, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போய்விடுகின்றன. கொழுப்பு வந்ததும் மேடம் போர்டில் அம்புக்குறியை வேறு பக்கம் திருப்பிவிட்டார். நிணநீர், மார்பு நிணநீர் நாளம், கடைசியில் கழுத்துக்குக் கீழே ஒரு சிரை. ஏன் இத்தனை சுற்று என்று கேட்டேன். "கைலோமைக்ரான் பெரிசு, அதனால" என்று ஆரம்பித்தார், மணி அடித்துவிட்டது.

இன்னொன்று. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அதாவது எம்சிடி, நேராகப் போர்ட்டல் சிரைக்கே போகும் என்று புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் முழுக்க எம்சிடி என்று யூடியூபில் சொல்கிறார்கள். அப்படியென்றால் நெஞ்சுக்குள் நிணநீர் கசிகிற கைலோதோராக்ஸ் நோயாளிக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்தாலே போதுமே? வைவாவில் இதைத்தான் கேட்பார்கள் என்று சீனியர் அக்கா பயமுறுத்துகிறார்.

பயோகெம்_மணி

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கணைய லிப்பேஸ் என்ற நொதி, உணவுக் கொழுப்பான டிரைகிளிசரைடில் 1, 3 ஆகிய இடங்களில் உள்ள கொழுப்பு அமிலங்களை வெட்டும். மிச்சம் 2-மோனோகிளிசரைடு. இவை பித்த உப்புகளோடு சேர்ந்து மைசெல் என்ற நுண்திரள் ஆகும். மைசெல் அப்படியே செல்லுக்குள் போகாது. கொழுப்பு அமிலமும் மோனோகிளிசரைடும் மட்டும் உள்ளே போகும். பித்த உப்பு குடலிலேயே நின்று, சிறுகுடலின் இறுதிப் பகுதியான இலியத்தின் கடைசியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பும். செல்லுக்குள் போனவை மறுபடி டிரைகிளிசரைடாக ஒட்டப்பட்டு, அபோ பி-48 என்ற புரதத்தோடு கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துகளாகி வெளியே வரும்.

அதன் விட்டம் சுமார் 75 நானோமீட்டரில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். குடல் தந்துகியின் சுவரில் துளைகள் இருந்தாலும் அவை சின்னவை, சுற்றிலும் அடித்தளச் சவ்வு வேறு. குடலுறிஞ்சிக்குள் இருக்கும் நிணநீர்க் குழாயான லாக்டியலில் அந்தச் சவ்வு முழுமையாக இல்லை, செல்களுக்கு நடுவே இடைவெளியும் உண்டு. அதனால் அங்கே நுழைகிறது. மேடம் சொன்னது சரிதான்.

ஒரு வேண்டுகோள்: பரீட்சையில் மைசெலையும் கைலோமைக்ரானையும் குழப்பாதீர்கள். மைசெல் குடலின் உட்குழியில், கைலோமைக்ரான் செல்லுக்குள் உருவாகி நிணநீரில். வருடா வருடம் பாதிப் பேர் மாற்றி எழுதுகிறார்கள்.

செக்கு_எண்ணெய்_பிரியன்

இவ்வளவு கஷ்டமே வேண்டாம் தங்கச்சி. நம் பாட்டிமார் தேங்காய் எண்ணெயிலேயே சமைத்துத் தெம்பாக இருந்தார்கள். அதில் பாதி லாரிக் அமிலம், லாரிக் என்றால் எம்சிடி. கம்பெனிக்காரன் அதையே பாட்டிலில் அடைத்துப் பல மடங்கு விலைக்கு விற்கிறான். தாராளமாக நோயாளிக்குக் கொடுக்கலாம்.

தாளிப்பு_வேண்டாம் (மருத்துவமனை டயட்டீஷியன், மதுரை)

பிரியன் சார், பாட்டிமார் விஷயத்தில் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கைலோதோராக்ஸ் நோயாளிக்குத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று பொதுவெளியில் எழுதுவதை விட முடியாது. காரணத்தைக் கயலுக்குச் சொல்கிறேன், நீங்களும் படியுங்கள்.

கயல், மணி சொன்ன பாதையை வார்டில் கண்ணால் பார்க்கலாம். மார்பு நிணநீர் நாளம் உணவுக்குழாயின் பின்பக்கமாக ஒட்டியே மேலே ஏறுகிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது சில சமயம் அது காயப்படும். நோயாளி வாயால் எதுவும் எடுக்காத முதல் நாட்களில் நெஞ்சில் தேங்குவதை வெளியே பாட்டிலில் வடிக்கப் போட்டிருக்கும் ஐசிடி குழாயில் வருகிற திரவம் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். குடலுக்குள் குழாய் வழியாக உணவு கொடுக்க ஆரம்பித்த பிறகு பாட்டிலைப் பார்த்தால் பால் மாதிரி வெள்ளை. கூட இருக்கும் சொந்தக்காரர்கள் சீழ் என்று பயந்துவிடுவார்கள். லேபுக்கு அனுப்பினால் டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல். அந்த வெள்ளை நிறம் காலையில் நாம் கொடுத்த உணவில் இருந்த கொழுப்பு. கல்லீரலைத் தொடாமல் நெஞ்சுக்கு வந்திருக்கிறது. உன் மேடம் போட்ட அம்புக்குறி அதுதான்.

அந்தப் பாட்டிலில் போவது கொழுப்பு மட்டும் என்று நினைத்துவிடாதே. கொழுப்பு கலந்த இந்த நிணநீருக்குக் கைல் என்று பெயர்; ஒரு லிட்டர் கைலில் 20 முதல் 30 கிராம் வரை புரதம் போகும், கூடவே லிம்போசைட்டுகள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களும் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும். மார்பு நாளம் வழியாக ஒரு நாளைக்கு 2 லிட்டர் அளவுக்கு ஓடும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார். கசிவு நீடித்தால் நோயாளி கண்ணெதிரே வற்றுவார், தொற்றும் சுலபமாகப் பிடிக்கும். டயட் சார்ட்டில் கொழுப்பைக் குறைத்தோம், வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. புரதத்தை ஏற்ற வேண்டும்.

இந்தப் பாதையில் பெரிய ஆட்களே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1622இல் இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி, நன்றாகத் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். முதலில் நரம்பு என்று நினைத்தார். ஒன்றைக் கீறியதும் வெள்ளைத் திரவம் வந்தது. லாக்டியலைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அவை கல்லீரலுக்குத்தான் போகின்றன என்று முடிவு கட்டிவிட்டார். அந்தக் காலத்தில் எல்லா உணவும் கல்லீரலுக்குப் போய்த்தான் ரத்தமாகும் என்று நம்பினார்கள். 1651இல் பிரான்சின் ழான் பெக்கே வந்து, அது மார்பு நாளத்தில் ஏறிக் கழுத்தடிச் சிரையில் கலக்கிறது என்று காட்டினார். பாவம் அசெல்லி, அதற்குள் இறந்துவிட்டார்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். உடல் பார்ப்பது கொழுப்பு அமிலத்தின் நீளத்தை. 8 கார்பன், 10 கார்பன் உள்ளவை தண்ணீரோடு ஓரளவு ஒத்துப்போகும். பித்த உப்பின் தயவு அதிகம் வேண்டாம், செல்லுக்குள் மறுபடி ஒட்டவும் வேண்டாம். அல்புமின் என்ற ரத்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு போர்ட்டல் சிரையில் போய்விடும். கல்லீரலில், செல்லின் எரிசக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய, உள்ளே கொண்டுபோகும் கார்னிட்டைனையும் பெரிதாக நம்பியிருக்காது. 14, 16, 18 கார்பன் எல்லாம் கைலோமைக்ரான் ஏறித்தான் ஆக வேண்டும்.

நடுவில் நிற்பது 12 கார்பன் லாரிக். வேதியியல் பட்டியலில் அதை நடுத்தரச் சங்கிலி என்று போடுவார்கள். குடலில் அது பெரும்பாலும் நீளச் சங்கிலிக்காரர்களோடு சேர்ந்து நிணநீரில்தான் போகிறது. தேங்காய் எண்ணெயில் 100 கிராமுக்கு 45 முதல் 50 கிராம் வரை லாரிக். 8, 10 கார்பன் இரண்டும் சேர்ந்தே சுமார் 15 கிராம்தான் தேறும். மீதி மிரிஸ்டிக், பால்மிடிக், ஓலியிக் என்று எல்லாம் நீளமானவை. ஆக, நாளம் கசிகிறவருக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்தால் அதில் பெரும்பகுதி அந்த ஐசிடி பாட்டிலுக்கே வரும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் எம்சிடி எண்ணெய் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பாமாயில் விதை எண்ணெயிலிருந்தோ வருவது உண்மை. லாரிக்கைப் பிரித்து நீக்கி, 8, 10 கார்பனை மட்டும் எடுத்துச் செய்கிறார்கள். லேபிளில் தேங்காய்ப் படம் போட்டுவிடுகிறார்கள், அதைப் பார்த்த வீட்டார் "வீட்டிலேயே செக்கு எண்ணெய் இருக்கே மேடம்" என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விலை அப்படி. படம் போட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

கயல்_முதலாண்டு

அக்கா, இப்போது அந்த அம்புக்குறி புரிகிறது! இரண்டு சின்ன சந்தேகம். கொழுப்பை நிறுத்தியதும் பாட்டிலில் வெள்ளை போய்விட்டால் கசிவு அடைபட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்புறம், வாயால் கொழுப்பு கூடாது என்றால் சிரை வழியாகக் கொடுக்கும் கொழுப்புக் கரைசலும் கூடாதுதானே?

பயோகெம்_மணி

இரண்டாவதற்கு: கூடும். சிரையில் ஏற்றுவது நேரே ரத்தத்தில் கலக்கிறது, குடலையும் லாக்டியலையும் பார்ப்பதே இல்லை. கைலோமைக்ரானும் கடைசியில் சேர வேண்டிய இடம் ரத்தம்தானே, அங்கே லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்ற நொதி இரண்டையும் ஒரே மாதிரி உடைக்கும். வைவாவில் இதைச் சரியாகச் சொன்னால் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சந்தோஷப்படுவார்.

தாளிப்பு_வேண்டாம்

முதலாவதற்கு: எடுத்துக்கொள்ளக் கூடாது. கொழுப்பு இல்லாவிட்டாலும் நிணநீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நிறம் மட்டும் தெளியும். நிறத்தை விட ஒரு நாளைக்கு எத்தனை மில்லி வருகிறது என்பதுதான் முக்கியம். ரவுண்ட்ஸில் போனதும் நான் முதலில் பார்ப்பது நர்ஸ் எழுதிவைத்த அந்த அளவைத்தான். குறைந்துகொண்டே வந்தால், மருத்துவர் சொன்ன பிறகு கொழுப்பைக் கொஞ்சம் கொடுத்து மறுபடி வெள்ளையாகிறதா என்று பார்ப்போம்.

சமையல் பக்கம் பிராக்டிகலில் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வார்டில் சாதாரணக் கொழுப்பை ஒரு நாளைக்கு 10 கிராமுக்குள் நிறுத்தச் சொல்வார்கள். கேட்கச் சுலபமாக இருக்கும். 200 மில்லி டோன்டு பாலிலேயே 6 கிராம் போய்விடும், இரண்டு காபியில் கணக்கு முடிந்தது. அதனால் ஆடை நீக்கிய பால், இட்லி, தாளிக்காத சாம்பார், ரசம், முட்டையின் வெள்ளைக்கரு, கடைந்து வெண்ணெய் எடுத்த மோர். சட்னி கிடையாது, நூறு கிராம் தேங்காயில் முப்பது கிராமுக்கு மேல் கொழுப்பு. தாளிக்காத சாம்பாரை யாரும் விரும்பிச் சாப்பிட மாட்டார்கள். பெருங்காயமும் வறுத்துப் பொடித்த சீரகமும் தூவினால் கொஞ்சம் இறங்கும்.

எம்சிடி எண்ணெய் கிராமுக்கு 8.3 கலோரி. முதல் நாளே நிறையக் கொடுத்தால் வயிற்றைப் பிடித்துப் பேதியாகும், ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து ஏற்ற வேண்டும். அதைக் காய்ச்சித் தாளிக்க நினைக்காதே, சீக்கிரம் புகைந்துவிடும். ஆறிய கஞ்சியிலோ மசித்த சாதத்திலோ கலந்துவிடு. இதில் அவசியக் கொழுப்பு அமிலமான லினோலிக் கிடையாது. எனவே இரண்டு மூன்று வாரம் தாண்டினால் அவசியக் கொழுப்பு அமிலத்துக்குத் தனியாக வழி செய்ய வேண்டும், மணி சொன்ன சிரைக் கரைசல் அங்கேதான் கைகொடுக்கும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கு.

யானைக்கால் நோய்க்காரர்களில் சிலருக்குச் சிறுநீரே வெள்ளையாகப் போகும், கைலூரியா. அங்கே நாளம் சிறுநீர்ப் பாதைப் பக்கம் உடைந்திருக்கும். கறிக்குழம்பு சாப்பிட்ட பிறகு வெள்ளை கூடும். அதற்கும் இதே டயட்தான்.

செக்கு_எண்ணெய்_பிரியன்

சரி மேடம், நோயாளிக்கு வேண்டாம். எனக்குத் தாளிக்கலாமா?

தாளிப்பு_வேண்டாம்

நாளம் கசியாத வரைக்கும் தாளியுங்கள் சார். ஸ்பூன் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கிராமுக்கு 9 கலோரிதான்.