கொன்ற பறவைக்கு நிவாரணம் சரி, விழுந்த விலைக்கு?

மோகனூர் பண்ணை:
2021 ஜனவரியில ஆலப்புழா, கோட்டயம் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் வந்தப்ப, நோய் பரவாம இருக்கக் கொன்னதுல ரெண்டு மாசம் தாண்டின வாத்துக்கு 200 ரூபாய், சின்னதுக்கு 100, முட்டைக்கு 5னு கேரள அரசு கொடுத்துச்சு. நல்ல காரியமுங்க. நோயே வராத நாமக்கல்லுலயும் முட்டை விலை சரிஞ்சுது. எங்களுக்கு யாருங்க கொடுத்தாங்க? விலை இல்லைன்னு கோழி தீவனத்தைக் குறைச்சுக்காது. ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு 110 கிராம். 50,000 கோழி வெச்சிருக்கிறவருக்கு தினம் அஞ்சரை டன். நிவாரணம் எங்களுக்கும் வேணும்.

கால்நடை டாக்டர்:
அண்ணே, நான் ஒத்துக்கமாட்டேன். கொல்ற பறவைக்குப் பணம் கொடுக்கிறது, செத்ததை மறைக்காம உடனே சொல்லணும்னுதான். முதல் நாளே போன் வந்தா ஒரு கிலோமீட்டர் வட்டத்துல இருக்கிற பறவைகளைக் கொன்னு அதோட முடிச்சிடலாம். பயந்துபோய் ராவோட ராவா வித்துட்டா மாவட்டமே போயிடும். இருக்கிற பணம் அங்கதான் போகணும். விலை இறங்கினதுக்கெல்லாம் கொடுக்கணும்னா, புரட்டாசியிலகூடத்தான் இறங்குது.

மோகனூர் பண்ணை:
புரட்டாசி வர்றது முன்னாடியே தெரியுமுங்க, அதுக்குத் தக்கபடி பழைய கோழியைக் கழிச்சிடுவோம். இது சொல்லிட்டா வருது? 2006 பிப்ரவரியில மகாராஷ்டிரா நவாப்பூர்ல, நாட்டுலயே முதல் தடவையா வந்துச்சு. அடி இங்க வரைக்கும் விழுந்துச்சு. அப்ப கோழிப்பண்ணைக் கடனைத் தவணைக் கடனா மாத்தச் சொல்லி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டுச்சு, 4 சதவீத வட்டியை மத்திய அரசு ஏத்துக்கிச்சு. நோய் வந்த ஊரு, வராத ஊருன்னு பார்க்கலை. நான் கேக்குறதும் அதைத்தான், கையில காசா கொடுக்கச் சொல்லலீங்க.

நாட்டுக்கோழி அக்கா:
கடன் சலுகை கடன் வாங்கினவங்களுக்குத்தானே? பத்து கோழி வளர்த்து, பள்ளிக்கூடச் செலவுக்கு ஒண்ணு ரெண்டு விக்கிற பொம்பளைங்க எந்தக் கணக்குலயும் இல்லை. வியட்நாம் 2004 தொடக்கத்துல 4 கோடிக்கு மேல பறவைகளை இழந்துச்சு. அங்கயும் கொல்லைக்கோழிதான் அதிகம். 2005ல தடுப்பூசிக்கு மாறினாங்க. இங்க ஏன் கூடாது?

கால்நடை டாக்டர்:
ஊசி போட்ட கோழி நோயை வெளியே காட்டாமலே பரப்பலாம் அக்கா. ஏற்றுமதியும் அடிபடும்: 2023ல பிரான்ஸ் வாத்துகளுக்கு ஊசி போட ஆரம்பிச்சதும் அமெரிக்கா அங்கிருந்து வர்ற கோழி, வாத்தை நிறுத்திடுச்சு. கடன் தவணை விஷயத்துல அண்ணன் சொல்றது நியாயம், 2006 எனக்கு நினைவில் வரலை. விலைக்கு ரொக்கம்னா இப்பவும் எதிர்ப்புதான்.

நாட்டுக்கோழி அக்கா:
என் பத்து கோழி எந்த நாட்டுக்கு ஏற்றுமதி ஆகுது டாக்டர்?