ஐஎஸ்பிஎன்னுக்கு 3000 குடுத்தவன் எழுத்தாளன் இல்லையா?

குன்னத்தூரான்: நேத்து சிறுகதை பத்தி பேசிட்டிருந்தப்ப பழைய ஏடு அண்ணன் ஒரு வரி போட்டாரு, "சொந்தக் காசுல புக் போடுறவன் எழுத்தாளன் இல்ல, கஸ்டமர்"னு. ராத்திரி பூரா தூக்கமில்ல. மூணு வருஷம் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து எழுதுன பதினாலு கதை அண்ணே. நகைய அடகு வெச்சு ஒரு பதிப்பகத்துல 300 காப்பி போட்டேன். எடிட்டிங், அட்டை, அப்புறம் ஐஎஸ்பிஎன்னுக்கு (புத்தகத்தோட சர்வதேச அடையாள எண்) மட்டும் 3000னு பில் குடுத்தாங்க, கட்டுனேன். என்ன தப்பு?

பழைய ஏடு: ஐஎஸ்பிஎன்னுக்கு 3000மா! அது இலவசம் தம்பி. டெல்லில ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி, ஆன்லைன்ல அப்ளை பண்ணா பைசா வாங்காம குடுக்குறாங்க. இது தெரியாதவன கஸ்டமர்னு சொல்லாம வேற எப்படி சொல்றது?

குன்னத்தூரான்: இப்ப தெரியும். அப்ப யாரு சொன்னா? போன வருஷம் இங்கதான் "புக் போட என்ன செலவாகும்"னு கேட்டேன், "முதல்ல ஒற்றுப்பிழை இல்லாம எழுதக் கத்துக்கோ"ன்னு விரட்டுனது நீங்கதான். மறக்கல.

தேரிக்காடு: நம்பர் 978-93னு ஆரம்பிக்குதா பாருங்க. 978க்கு அப்புறம் வர்றது நாட்டுக்கான எண், இந்தியாவுக்கு 81 தான். போலிய தலையில கட்டிருப்பாங்க.

வைகைக்கரை வாசகி: 81ம் இந்தியாதான், 93ம் இந்தியாதான். புதுசா வந்த எந்தப் புத்தகத்தையும் திருப்பிப் பாருங்க.

தேரிக்காடு: என் அலமாரில இருக்கிறது பூரா 81 தான்மா.

வைகைக்கரை வாசகி: அப்ப நீங்க புது புக் வாங்கி பல வருஷம் ஆச்சுன்னு தெரியுது.

குன்னத்தூரான்: 93 தான், ஒரிஜினல்தான். 3000 போனது கூட பெருசில்ல, அந்த நம்பர் அவங்க பேருல பதிவாயிருக்கு, ரெண்டாம் பக்கத்துல "வெளியீடு"ன்னு போட்டு அவங்க பேரு, காசு என்னுது. அதுதான் வலிக்குது. பெட்டி வந்து இறங்குன அன்னிக்கு அம்மாதான் முதல்ல பிரிச்சாங்க, 64ம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடியும் 49 வருது. 65லேருந்து 80 வரைக்கும் இல்லவே இல்ல. பாரம் (16 பக்கக் கட்டு) மாத்தி பைண்ட் பண்ணிருக்காங்க. 40 காப்பி அப்படி. கேட்டா "செக் பண்ணி சொல்றோம் சார்". 180 ரூபா விலைல கடைக்காரருக்கு 40 சதம் கழிவு போக 108 வரும், அதுவும் வித்தாதான்.

பழைய ஏடு: ப்ரூப் (அச்சுக்கு முன்னாடி சரிபாக்குற பிரதி) பாக்கலைன்னா இப்படித்தான். ஐஎஸ்பிஎன் இலவசம்னு தெரியாதவன் ப்ரூபா பாத்திருப்பான்?

குன்னத்தூரான்: பைண்டிங் தப்புக்கும் ப்ரூப்புக்கும் என்ன சம்பந்தம்ணே? பாரதியே 1920ல கடையத்துலேருந்து, என் எழுத்த நாப்பது புத்தகமா போடப்போறேன், கடன் குடுங்கன்னு நண்பர்களுக்கு சுற்றறிக்கை அனுப்புனாரு. அவரும் கஸ்டமரா?

பழைய ஏடு: பாரதியும் நீயும் ஒண்ணா? இந்தத் திமிருதான் புது ஆளுங்ககிட்ட.

வைகைக்கரை வாசகி: அவர் ஒண்ணுன்னு சொல்லலையே ஐயா, சொந்தக் காசுல போடுறது கேவலமில்லைன்னுதான சொல்றாரு.

தேரிக்காடு: பேசாம அமேசான் கிண்டில்ல இ-புக்கா போட்டிருக்கலாம், அங்க ஐஎஸ்பிஎன்னே வேணாம், செலவும் இல்ல.

குன்னத்தூரான்: கிண்டில்லயும் போட்டாச்சு. இந்தியால விக்கிறதுக்கு 70 சதம் ராயல்டி வேணும்னா கேடிபி செலக்ட்னு அமேசானோட திட்டத்துல சேரணும், சேந்தா 90 நாளைக்கு அந்த இ-புக்க வேற எங்கயும் குடுக்கக்கூடாது, இல்லன்னா 35 தான். எல்லாம் படிச்சுதான் போட்டேன், ஒண்ணும் தெரியாதவன்னு நினைக்காதீங்க. ஆனா அம்மாவுக்கு போன்ல படிக்க வராது. அவங்க கையில குடுக்கத்தான் அச்சுல போட்டேன். அடுத்த புக்குக்கு என் பேருலயே அப்ளை பண்ணுவேன்.

பழைய ஏடு: அதெல்லாம் இருக்கட்டும். ஐஎஸ்பிஎன் இலவசமா இல்லையா, அதச் சொல்லு.

தேரிக்காடு: 81க்கும் பதில் வரல.