பழைய பாம் வி எக்ஸ்: வாங்கலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். யார் வீட்டு வளவுக்கு எந்தப் பூ, எத்தனை சதுர அடி, எல்லாக் கணக்கும் போனில்தான். கணக்குப் பார்க்க எடுத்தால் அரை மணி நேரம் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. அதனால் தனியாக ஒரு கையடக்க மின்னணு டைரி தேடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடையில் எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு நடுவே ஒரு பாம் வி எக்ஸ் (Palm Vx, திரையில் குச்சியால் எழுதும் பழைய கையடக்கக் கணினி) கிடந்தது. 1999இல் வந்த மாடல், 8 எம்பி நினைவகம். குச்சியும் சார்ஜ் ஸ்டாண்டும் இருக்கின்றன. 1,500 ரூபாய் சொல்கிறார். வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்திருக்கிறார்.

நான்கு மணி நேரம் சார்ஜ் போட்டேன், நாற்பது நிமிஷத்தில் அணைந்துவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் உட்கார்ந்து பதிந்த 23 ஆர்டரும் காலி! சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்தால் இதில் எதுவும் தங்காதாம். சரி, லேப்டாப்பில் நகல் எடுக்கலாம் என்றால் அதில் சீரியல் போர்ட் (இந்த ஸ்டாண்டின் கேபிளைச் சொருகும் பழைய வகை இடம்) இல்லை. யுஎஸ்பி மாற்றுக் கேபிள் போட்டும் ஹாட்சிங்க் (பாமில் உள்ளதைக் கணினியில் நகல் எடுக்கும் வசதி) நடக்கவில்லை (விண்டோஸ் 10). பேட்டரி மாற்ற இரண்டு மொபைல் கடையில் கேட்டேன். மூடியைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறது, கை வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். தமிழ் எழுத்து வராததை எப்படியோ சமாளித்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த மாடலுக்குப் புது பேட்டரி போட்டு இப்போதும் தினசரி பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்: 1,500 கொடுத்து இதை வாங்கலாமா?