சக்கர நாற்காலியுடன் சொகுசுக் கப்பலில் செல்ல இயலுமா?

தக்கலை வாசகி:
பக்கவாதத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருக்கும் என் அம்மாவுக்குக் கடற்பயணம் என்றால் அத்தனை ஆசை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகில், அலையோடு ஏறி இறங்கும் விளிம்பைத் தாண்டி அவரை ஏற்ற எங்களால் முடியவில்லை. கொச்சியிலிருந்து கப்பலில் லட்சத்தீவுக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறோம்; முன்பதிவுக்கு முன் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

குளச்சல் மாலுமி:
அக்கா, கரையிறங்கும் முறையைத்தான் முதலில் கேளுங்கள். துறைமுக மேடையை ஒட்டிக் கப்பல் நின்றால் சாய்தளத்தில் நாற்காலியைத் தள்ளிச் செல்லலாம். ஆழம் போதாத தீவுகளில் கப்பலைக் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுக்கு மாற்றுவார்கள். கடல் சற்றே கொந்தளித்தாலும் நாற்காலியில் இருப்பவரை இறக்க மறுக்கக்கூடும் என்பதால், கப்பலிலேயே தங்க அம்மாவுக்குச் சம்மதமா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் நம் கடல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, அம்மாதங்கள் வேண்டாம்.

மார்த்தாண்டம் வாசகர்:
மாற்றுத்திறனாளிகளுக்கான அறைதான் என்று எழுத்தில் உறுதி பெறுங்கள். சாதாரண அறைகளில் கதவு குறுகல். குளியலறை வாசலில் தண்ணீரைத் தடுக்கும் உயர்ந்த விளிம்பில் நாற்காலியின் முன்சக்கரம் முட்டி நின்றுவிடும். சக்கரத்தைத் தள்ளும் வளையத்தையும் சேர்த்து நாற்காலியின் அகலத்தை அளந்து, கதவின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகள் மிகச் சிலவே இருக்கும்.

நாகர்கோவில் வாசகி:
2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து வசதிகளையும் உள்ளடக்கியது. ஆகவே, இவற்றைச் சலுகையாக எண்ணித் தயங்காமல் உரிமையோடு கேளுங்கள்.