டிரெஸ்டன் மாவட்டச் செயலாளர் ஹான்ஸ் மோட்ரோ: நேரில் கண்டவர்களின் பகிர்வுகள்

முதல் பகிர்வு: டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்

எண்பதுகளின் நடுவில், கிழக்கு ஜெர்மனி அரசின் உதவித்தொகையில் டிரெஸ்டனுக்குப் படிக்கச் சென்ற எனக்கு மோட்ரோவின் பெயர் முதலில் காதில் விழுந்தது கடை வரிசையில்தான். பெர்லின் தலைவர்கள் காவலுடன் கூடிய தனிக் குடியிருப்பில் வாழ்ந்த காலத்தில், இவர் சாதாரண அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார் என்பதை அந்த ஊர்க்காரர்கள் சற்றுப் பெருமையாகவே சொல்வார்கள்.

1973 முதல் 1989 வரை அவர் கிழக்கு ஜெர்மனியை ஆண்ட சோசலிச ஒற்றுமைக் கட்சியின் டிரெஸ்டன் மாவட்ட முதற்செயலாளராக இருந்தார். நம் ஊர்க் கட்சிகளின் மாவட்டச் செயலாளரை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தப் பதவி புரியாது. ஏறத்தாழ 18 லட்சம் பேர் வாழ்ந்த அந்த மாவட்டத்தில் ஆலை இயக்குநர், மேயர், நாளிதழ் ஆசிரியர் என்று முக்கியமான எந்த நியமனமும் கட்சி அலுவலகத்தின் ஒப்புதலின்றி நடக்காது. அதே சமயம், கட்டுமானப் பொருளும் ஆளும் எங்கே போக வேண்டும் என்பதைத் தலைநகரமே முடிவு செய்தது. 1987இல் பெர்லினின் 750ஆவது ஆண்டு விழாவுக்காக எல்லா மாவட்டங்களிலிருந்தும் கட்டடத் தொழிலாளர்கள் அங்கே திருப்பிவிடப்பட்டார்கள். டிரெஸ்டனின் நொய்ஸ்டாட் பகுதியில் பழைய வீடுகள் கூரை ஒழுகியபடி சிதைந்துகொண்டிருந்தன. மக்களின் கோபத்தை நேரில் வாங்கிக்கொள்ள வேண்டியவராகவும் அதைத் தீர்க்கும் வழி கையில் இல்லாதவராகவும் ஒரு மாவட்டத் தலைவர் இருக்க முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அவரை நான் அருகில் கண்டது வெளிநாட்டு மாணவர்களுக்கான ஒரு கூட்டத்தில். வெள்ளை முடியும் மெலிந்த உடலுமாக வந்து சுருக்கமாகப் பேசிவிட்டு, எங்களிடம் என்ன படிக்கிறோம், ஊர் திரும்பி என்ன செய்வோம் என்று விசாரித்தார். பதில் முடியும்வரை காத்திருந்து கேட்டார் என்பதே அந்நாளைய மேடைப் பழக்கத்துக்குப் புதுமையாக இருந்தது.

சோவியத் தலைவர் கோர்பச்சேவின் சீர்திருத்தங்கள் பேசப்பட்ட ஆண்டுகளில், கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கருக்கு அடுத்து வரக்கூடியவர் என்று மேற்கு ஜெர்மனிப் பத்திரிகைகள் இவரை எழுதின. அது அவருக்கு உதவவில்லை. 1967 முதல் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினராக இருந்தும், உச்ச அதிகாரம் கொண்ட அரசியல் குழுவுக்குள் 1989 நவம்பர் வரை அவர் சேர்க்கப்படவில்லை. 1989 தொடக்கத்தில், கட்சியின் பொருளாதாரச் செயலாளர் குந்தர் மிட்டாக் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு டிரெஸ்டனுக்கு வந்து குறைகளைப் பட்டியலிட்டது. அவருடைய நற்பெயரில் பாதி அவர் செய்தவற்றால் வந்தது, மீதிப் பாதி பெர்லின் அவரை ஒதுக்கி வைத்ததால் வந்தது என்பது என் கணிப்பு.

அதனால்தான் 1989 அக்டோபர் 4 இரவு எனக்குச் சிக்கலானதாகவே இருக்கிறது. மேற்குக்குப் போக விரும்பி, பிராக் நகர மேற்கு ஜெர்மனித் தூதரகத்தில் தஞ்சம் புகுந்த கிழக்கு ஜெர்மானியர்களை ஏற்றிய ரயில்கள் டிரெஸ்டன் வழியாகச் செல்லும் என்று தெரிந்ததும், அவற்றில் ஏறிவிட ஆயிரக்கணக்கானோர் மத்திய நிலையத்தில் திரண்டார்கள். கற்கள் பறந்தன, தடியடியும் தண்ணீர்ப் பீரங்கியும் தொடர்ந்தன, காவல் வண்டி ஒன்று எரிந்தது. மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போனபோது காலடியில் கண்ணாடித் துண்டுகள் நொறுங்கின. மாவட்டத்தின் பாதுகாப்பு நடவடிக்கைக் குழுவுக்குத் தலைவர் மோட்ரோ. நான்கு நாள் கழித்து டிரெஸ்டனின் பிராகர் வீதியில் காவலர்களால் சூழப்பட்ட ஆர்ப்பாட்டக் கூட்டம் தன்னிடமிருந்தே இருபது பேரைத் தேர்ந்தெடுத்தபோது, அவர்களை மேயர் பெர்க்ஹோஃபர் சந்திக்க இசைவு கொடுத்தவரும் அவரே. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

இரண்டாம் பகிர்வு: லைப்சிக்கில் படித்த இலங்கைத் தமிழர்

முதல் பகிர்வில் ஒன்று விடுபட்டுள்ளது. 1989 மே 7 உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுவதும் 98.85 விழுக்காட்டினர் ஒரே வேட்பாளர் பட்டியலை ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டது. பல ஊர்களில் வாக்கு எண்ணிக்கையை நேரில் இருந்து கவனித்த குடிமக்கள் குறித்துவைத்த எண்கள் அதோடு பொருந்தவில்லை. டிரெஸ்டன் முடிவைத் திரிக்கத் துணைபோனதற்காக மோட்ரோ பின்னர் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். முதலில் எச்சரிக்கையுடன் விட்ட நீதிமன்றத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிலைக்காமல், 1995இல் ஒன்பது மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையாயிற்று. சாதாரண வீட்டில் குடியிருந்தார் என்பதும் இதுவும் ஒரே மனிதரைப் பற்றிய செய்திகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் பகிர்வு: 1989 டிசம்பரில் டிரெஸ்டனில் பணியில் இருந்தவர்

நவம்பர் 13 அன்று மோட்ரோ கிழக்கு ஜெர்மனியின் பிரதமரானபோது, என்னுடன் வேலை பார்த்தவர்கள் தங்கள் ஊர் ஆள் போகிறார் என்று மகிழ்ந்தார்கள். டிசம்பர் 19 அன்று, மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் ஹெல்முட் கோல் அதே டிரெஸ்டனுக்கு மோட்ரோவைச் சந்திக்க வந்தார். அன்று மாலை ஃபிராவென்கிர்ஹே தேவாலயத்தின் இடிபாடுகளுக்கு முன் கோல் பேசியபோது நானும் கூட்டத்தில் நின்றேன். மேற்கு ஜெர்மனிக் கொடிகள் அசைய, மக்கள் முழங்கியது கோலின் பெயரை. பதினாறு ஆண்டு அந்த ஊரை நடத்தியவரைப் பற்றி என் அருகில் நின்ற எவரும் பேசவில்லை. 1990 மார்ச் 18 தேர்தலில் மோட்ரோவின் கட்சி தோற்றது. ஏப்ரலில் பதவியிலிருந்து இறங்கினார்.

ஆனாலும் அந்த ஐந்து மாத அரசு ஒரு விஷயத்தில் தடம் விட்டது. அரசு நிலத்தில் வீடு கட்டியிருந்தவர்கள் அந்த மனையைப் பழைய மலிவு விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று 1990 மார்ச் 7 அன்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது; மக்கள் அதை மோட்ரோ சட்டம் என்றே அழைத்தார்கள். மேற்கிலிருந்து பழைய உரிமையாளர்கள் வந்து கேட்பதற்குள் பத்திரம் முடித்துவிட வேண்டும் என்று நிலப்பதிவு அலுவலகங்களில் வரிசை நீண்டது. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மையாரும் அந்த வரிசையில் நின்றார். அவர் மார்ச் 18 அன்று வாக்களித்தது கோலின் கட்சிக்கு. பத்திரம் கிடைத்த பிறகு நன்றி சொன்னது மோட்ரோவுக்கு.