புதுப்பிப்பு: சிந்தெடிக் இன்ஜின் ஆயிலுக்கே மாறிவிட்டேன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. இந்த அன்றாட ஓட்டத்துக்கு என் பெட்ரோல் காருக்கு மினரல் ஆயில் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துச் செய்வது) போதுமா, சிந்தெடிக் (வேதிமுறையில் உருவாக்குவது) வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. சிந்தெடிக்கையே ஊற்றியாகிவிட்டது.

விலையைவிட வெப்பம்தான் முடிவு செய்தது. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலில் ஏசி ஓட, வண்டி நின்று நின்று நகர்கிறது. அந்தச் சூட்டில் ஆயில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டியாகும், கசடு படியும். சிந்தெடிக் இந்தச் சிதைவை நெடுநேரம் தாங்கும்; ஆவியாவதும் குறைவு.

“அண்ணே, இது தண்ணீராக இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்குத் தடிமனான 20டபிள்யூ-50 ஊற்றிவிடலாம்” என்றார் பட்டறைத் தம்பி. இதை நான் ஏற்கவே மாட்டேன். சிந்தெடிக்கா மினரலா என்பது ஒரு கேள்வி, தடிமன் வேறு கேள்வி. என் காருக்கு வேண்டிய தடிமன் 5டபிள்யூ-30 என்கிறது கையேடு. அந்த 30, ஆயில் 100 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்த தடிமனைக் குறிக்கிறது. வெளி வெயிலை அல்ல.

மினரலிலிருந்து மாறினால் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் அடைப்பு) ஒழுகும் என்று சிலர் அஞ்சினீர்கள். இன்றைய ஆயில்களில் அந்தப் பயம் வேண்டாம். இரண்டும் கலந்தாலும் இன்ஜின் கெடாது.

மாற்றும் இடைவெளியை நான் நீட்டப்போவதில்லை. கையேட்டில் உள்ள 10,000 கிலோமீட்டர் அல்லது 1 ஆண்டு, எது முந்துகிறதோ அதுதான். அக்காவின் கார் திருப்பாதிரிப்புலியூருக்குள்ளேயே ஓடுகிறது. குறுகிய ஓட்டத்தில் இன்ஜின் முழுதாகச் சூடேறாமல் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் தங்கிவிடும். அதனால் கிலோமீட்டரைப் பார்க்காமல், இத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன்.